இரண்டு வரிகளை நீக்கியது யார்? லினக்ஸ் பொதிகளும் எங்கள் தரவுகளின் பாதுகாப்பும்

வெள்ளவத்தையில் ஏறிய 100ஆம் இலக்க பஸ் புறக்கோட்டைக்கு வந்து சேர்ந்தபோது காலை பத்தரை மணி இருக்கும். கைவண்டி இழுக்கும் நாட்டாமிகளுக்கு வழிவிட்டு, முதலாம் குறுக்குத்தெருவில் தொலைபேசி உறைகளும் சார்ஜர்களும் தொங்கும் கடைகளைத் தாண்டி, ஒடுங்கிய மாடிப்படி ஒன்றில் ஏறினேன். மேலே சின்னதாக ஒரு கணினி திருத்தும் கடை. மேசை நிறைய மடிக்கணினிகள் திறந்து கிடந்தன. என்னுடையதைப் போட்டுப் பார்த்த இளைஞர் பதுளைப் பக்கத்தவர்.

"அக்கா, இதுக்கு வின்டோஸ் 11 ஏறாது. 10க்கு அப்டேட் நின்னு போச்சு. புதுசு வாங்கப் போறீங்களா, இல்ல லினக்ஸ் போட்டுத் தரவா?"

"அது பாதுகாப்பா தம்பி?"

"வைரஸ் வராது அக்கா. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

எல்லாரும் சொல்வது சரிதானா என்ற கேள்வியோடுதான் அந்தப் படியால் இறங்கினேன். ஏனென்றால் அந்த மடிக்கணினியில் இருப்பவை எனக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டம் பற்றி எழுதுவதற்காக எடுத்த ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. காணி உறுதிகளின் படங்கள் இருக்கின்றன. பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்ட அம்மாக்களின் பெயர்களும் இருக்கின்றன. வடக்கிலும் கிழக்கிலும் வேலை செய்யும் சிறிய அமைப்புகள் பலவற்றின் அலுவலகங்களிலும் இப்படிப்பட்ட பழைய கணினி ஒன்று இருக்கும்.

மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை நிறுத்திவிட்டது. 2022இல் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களுக்குள் 360 ரூபா அளவுக்கு ஏறிய பின்னர், புதிய மடிக்கணினி என்பது எங்களில் பலருக்கு எட்டாத ஒன்றாகிவிட்டது. ஆகவே இனி பழைய கணினிகள் பலவற்றில் லினக்ஸ் ஏறப்போகிறது. அது நல்ல விடயம். ஆனால் "வைரஸ் வராது" என்ற ஒரு வரியை நம்பி ஏற்றக்கூடாது. லினக்ஸின் பாதுகாப்பு அதன் பெயரில் இல்லை. அதில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் யார் செய்தார், எப்போது செய்தார், ஏன் செய்தார் என்ற பதிவு இருக்கிறதா, அந்தப் பதிவை இன்னொருவர் வாசித்தாரா என்பதில்தான் இருக்கிறது. அது தவறிய சந்தர்ப்பங்களை இந்தக் கட்டுரை பார்க்கிறது.

பொதி என்றால் என்ன?

கடைக்காரத் தம்பி ஒரு பென்ட்ரைவிலிருந்து ஏற்றிவிடும் உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவற்றை லினக்ஸ் வழங்கல்கள் என்கிறோம். உலகின் பல மூலைகளில் எழுதப்படும் ஆயிரக்கணக்கான மென்பொருள்களை ஒன்றுசேர்த்து, ஒன்றோடொன்று முரண்படாமல் இயங்கும்படி செய்து, ஒரே இடத்திலிருந்து வழங்குவதுதான் வழங்கலின் வேலை. 1993இல் தொடங்கிய டெபியன் என்ற வழங்கலில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொதிகள் உள்ளன. உபுண்டு டெபியனிலிருந்து பிறந்தது. மின்ட் உபுண்டுவிலிருந்து பிறந்தது. ஆகவே டெபியனில் ஒருவர் விடும் பிழை, புறக்கோட்டைக் கடையில் ஏற்றப்படும் கணினி வரைக்கும் வந்து சேரும்.

ஒவ்வொரு பொதிக்கும் ஒரு பராமரிப்பாளர் அல்லது சிறு குழு இருக்கும். மூல ஆசிரியர்கள் எழுதிய நிரலை எடுத்து, தமது வழங்கலுக்கு ஏற்றவாறு சில திருத்தங்களைச் செய்து, பொதியாக்கி வெளியிடுவார்கள். அந்தத் திருத்தங்களுக்கு ஒட்டு என்று பெயர். பெரும்பாலானோர் தொண்டர்கள். சம்பளம் கிடையாது.

எங்களுக்கு நெருக்கமான ஓர் உதாரணம் சொல்கிறேன். இலங்கையில் தமிழ் தட்டெழுதப் பழகிய பலருக்கு ரெங்கநாதன் விசைப்பலகை தெரியும். லினக்ஸில் அந்த விசைப்பலகை வேலை செய்வது, எம்17என் என்ற பொதிக்குள் இருக்கும் ஒரு சிறிய கோப்பினால். எந்த விசையை அழுத்தினால் எந்த எழுத்து வரவேண்டும் என்று அதில் வரிவரியாக எழுதப்பட்டிருக்கும். அதில் யாராவது கவனமில்லாமல் ஒரு வரியை மாற்றினால், அடுத்த அப்டேட்டுக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் ஒரு எழுத்து வராமல் போகும்.

இந்த மாற்றங்களைப் பதிந்து வைப்பதற்கான கருவிதான் பதிப்புக் கட்டுப்பாடு. இன்று பெரும்பாலும் பயன்படுவது கிட் என்ற மென்பொருள். லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் அதை எழுதினார். எப்படி வேலை செய்கிறது என்று விளங்கிக்கொள்ள, இ. மயூரநாதன் 2003இல் தொடக்கிவைத்த தமிழ் விக்கிப்பீடியாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் மேலே "வரலாறு" என்று ஒரு இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால் அந்தக் கட்டுரையை யார், எந்தத் திகதியில், என்ன காரணம் சொல்லி மாற்றினார்கள் என்று தெரியும். பழைய வடிவத்துக்குத் திரும்பவும் முடியும். கிட் அதே வேலையை மென்பொருள் நிரலுக்குச் செய்கிறது.

2006: பதிவில் இருந்தும் வாசிக்கப்படாத மாற்றம்

இணையத்தில் இரகசியமாகத் தொடர்புகொள்ளத் தேவையான குறியாக்கத்தைத் தருவது ஓபன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருள். குறியாக்கத்துக்கு ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவியை யாரும் ஊகிக்க முடியாதிருக்க, அது எழுந்தமானமான எண்களிலிருந்து உருவாக்கப்படவேண்டும்.

2006இல் டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் பொதியைப் பராமரித்தவர், பிழைதேடும் கருவி ஒன்று இரண்டு வரிகளைப் பற்றி எச்சரிக்கை காட்டுவதைக் கண்டார். மூல ஆசிரியர்களின் மின்னஞ்சல் குழுவில் கேட்டார். பிழைதேடுவதற்கு உதவுமென்றால் நீக்கலாம் என்ற கருத்தில் ஒரு பதில் வந்தது. அவர் இரண்டு வரிகளையும் செயலிழக்கச் செய்தார். ஒரு வரியை நீக்கியதால் பெரிய பாதிப்பில்லை. மற்ற வரிதான் எழுந்தமானத்தை உள்ளே சேர்க்கும் வரி. அதை நீக்கிய பிறகு சாவிகளைத் தீர்மானிப்பதற்கு மிஞ்சியது, கணினி தன் வேலைகளுக்கு வழங்கும் ஒரு தொடரிலக்கம் மாத்திரமே. அது சுமார் 32 ஆயிரம் சாத்தியங்களைத் தாண்டாது. கோடானுகோடியில் ஒன்றாக இருக்கவேண்டிய சாவி, ஒரு மத்தியான நேரத்துக்குள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடக்கூடிய சாவியாகிவிட்டது.

அந்தப் பொதி 2006 செப்டெம்பரில் டெபியனுக்குள் போனது. லூசியானோ பெல்லோ என்ற ஆர்ஜென்டீன டெபியன் உறுப்பினர் அதைக் கண்டுபிடித்து, 2008 மே 13ஆம் திகதி எச்சரிக்கை வெளியானது. இடையில் இருபது மாதங்கள். டெபியனிலிருந்து பிறந்த உபுண்டுவும் பாதிக்கப்பட்டது. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டதிலிருந்து 2008 ஜனவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை முடிவுக்கு வந்ததற்குப் பின்னர் வரைக்குமான காலம் அது. ஒரு மின்னஞ்சல் யார் கையில் சிக்கும் என்ற பயத்துடன் வாழ்ந்த அந்த மாதங்களை இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. உலகம் முழுவதும் டெபியனையும் உபுண்டுவையும் நம்பிச் சாவி செய்தவர்கள், பூட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு திறந்த கதவுக்குள் இருந்தார்கள்.

இங்கே பதிவு இருந்தது. எந்தத் திகதியில், எந்தப் பதிப்பில், எந்த வரி மாறியது என்பது மறைக்கப்படவில்லை. அதனால்தான் பிழை தெரிந்தவுடன், எந்தக் காலத்தில் செய்யப்பட்ட சாவிகள் கெட்டவை என்று துல்லியமாகச் சொல்லவும், கெட்ட சாவிகளின் பட்டியலையே ஒரு பொதியாக வெளியிடவும் முடிந்தது. தவறு வேறு இடத்தில் நடந்தது. அந்த ஒட்டு, காரணம் எழுதப்பட்டுத் தனியாக மூல ஆசிரியர்களிடம் பரிசோதனைக்கு அனுப்பப்படவில்லை. டெபியனின் அன்றைய பொதி வடிவத்தில் வழங்கல் செய்யும் எல்லா மாற்றங்களும் ஒரே பெரிய கோப்பாக வந்து சேர்ந்தன. அந்த மூட்டைக்குள் ஆபத்தான ஒரு வரியை வெளியாள் ஒருவர் கண்டுபிடிப்பது கடினம். பின்னர் டெபியன், ஒவ்வொரு ஒட்டையும் தனித்தனிக் கோப்பாக வைக்கும் வடிவத்துக்கு நகர்ந்தது. ஒட்டின் தலைப்பில் யார் எழுதியது, எதற்காக, மூல ஆசிரியர்களுக்கு அனுப்பப்பட்டதா என்று குறிக்கும் வழக்கமும் வந்தது.

2024: பதிவில் இல்லாத கோப்பு

இரண்டாவது சம்பவத்தில் தவறு நேர்மாறானது. முதலாவது நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட பிழை. இது திட்டமிட்ட சூழ்ச்சி.

எக்ஸ்இஸட் என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறிய மென்பொருள். ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருக்கும். லாசே கொலின் என்ற ஒருவர்தான் நீண்டகாலமாக அதைப் பராமரித்துவந்தார். 2021 இறுதியிலிருந்து ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் அதற்கு ஒட்டுகள் அனுப்பத் தொடங்கினார். 2022இல் வேறு சில பெயர்களில் வந்தவர்கள், வேலை மெதுவாக நடக்கிறது, இன்னொருவரிடம் பொறுப்பைக் கொடுக்கவேண்டும் என்று கொலினை நெருக்கினார்கள். இது ஊதியமில்லாமல் ஓய்வு நேரத்தில் செய்யும் வேலை என்று அவர் பதில் எழுதினார். காலப்போக்கில் ஜியா டான் இணைப் பராமரிப்பாளரானார். வெளியீடுகளைச் செய்யும் அதிகாரமும் அவருக்குக் கிடைத்தது.

2024 பெப்ரவரியிலும் மார்ச்சிலும் 5.6.0, 5.6.1 என்ற பதிப்புகள் வெளிவந்தன. வெளியீடு என்பது நிரல் கோப்புகளை எல்லாம் கட்டிய ஒரு மூட்டை. அந்த மூட்டைக்குள் இருந்த ஒரு கோப்பு, எல்லோரும் பார்க்கக்கூடிய கிட் பதிவில் அந்த வடிவத்தில் இருக்கவில்லை. பரிசோதனைக் கோப்புகள் என்ற பெயரில் கிட்டில் ஏற்கெனவே போடப்பட்டிருந்தவற்றுக்குள் ஒளித்துவைத்த நிரலை, இந்தக் கோப்புத்தான் வெளியே எடுத்துப் பொருத்தியது. கிட்டில் உள்ள நிரலை மட்டும் வாசித்தவருக்கு ஒன்றும் தெரியாது. மூட்டையை அப்படியே எடுத்துப் பொதியாக்கியவருக்கும் ஒன்றும் தெரியாது. விளைவு, தூரத்திலிருந்து கணினிகளை நிர்வகிக்கப் பயன்படும் எஸ்எஸ்எச் சேவையில் ஒரு கள்ளக்கதவு.

எஸ்எஸ்எச் சேவையின் மூல நிரலுக்கும் எக்ஸ்இஸட்டுக்கும் தொடர்பே இல்லை. டெபியன், ஃபெடோரா போன்ற வழங்கல்கள் தமது வசதிக்காக எஸ்எஸ்எச் பொதியில் சேர்த்த ஒட்டு ஒன்றுதான் இரண்டையும் மறைமுகமாக இணைத்தது. வழங்கல் செய்யும் சிறிய மாற்றத்துக்கும் விலை உண்டு என்பதை 2006க்குப் பிறகு மீண்டும் ஒருமுறை கண்டோம்.

மைக்ரோசொப்டில் பணிபுரியும் அன்ட்ரெஸ் ஃப்ரூண்ட் என்ற பொறியியலாளர், தனது கணினியில் எஸ்எஸ்எச் உள்நுழைவு சுமார் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, காரணம் தேடிப்போய், மார்ச் 29ஆம் திகதி இதை அம்பலப்படுத்தினார். அப்போது அது டெபியனின் பரிசோதனைக் கிளைகளுக்கும், ஃபெடோராவின் முன்னோட்டப் பதிப்புகளுக்கும், ஓபன்சூசே டம்பிள்வீட் போன்றவற்றுக்கும் போய்விட்டிருந்தது. டெபியனின் நிலையான பதிப்புக்கு வரவில்லை. ஜியா டான் என்ற பெயருக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பது பகிரங்கமாக நிறுவப்படவில்லை.

டெபியன் அதைத் திருத்திய விதம் கவனிக்கத்தக்கது. பொதி மேலாளர் எப்போதும் பெரிய எண்ணை நோக்கித்தான் போகும். 5.6.1 ஏற்றியவரின் கணினி, 5.4.5 என்ற பழைய எண்ணைத் தானாக எடுத்துக்கொள்ளாது. ஆகவே டெபியன், "5.6.1, உண்மையில் 5.4.5" என்று பொருள்படும் ஒரு பதிப்பு எண்ணைக் கொடுத்து, பழைய நல்ல நிரலைப் புதிய வெளியீடாக அனுப்பியது. கெட்ட பதிப்பு வெளிவரவேயில்லை என்று காட்டிக்கொள்ள அவர்கள் முயலவில்லை. அது வெளிவந்தது, இது அதன் திருத்தம் என்பது எண்ணிலேயே தெரிகிறது.

நகல் வேறு, காப்பு வேறு

பதிவும் இருந்து, வாசிப்பவர்களும் இருந்தாலும், பதிவு இருக்கும் இடமே அழிந்தால் என்ன செய்வது? 2013 மார்ச்சில் கேடிஈ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் கிட் வழங்கியில் கோப்பு முறைமை பழுதடைந்தது. அவர்களிடம் பல நாடுகளில் நகல் வழங்கிகள் இருந்தன. ஆனால் நகல் வழங்கிகள், தலைமை வழங்கியில் என்ன இருக்கிறதோ அதைத் தாமும் அப்படியே செய்யும். தலைமை பழுதானதும் நகல்களும் அந்தப் பழுதையே நகலெடுத்தன. சுமார் 1500 நிரற் களஞ்சியங்கள் அழிந்துபோகும் நிலைக்கு வந்தன. ஒரு இயந்திரத்தில் தற்செயலாகத் தப்பியிருந்த பிரதியிலிருந்து அவற்றை மீட்டார்கள்.

எங்கள் நாட்டில் தற்செயல் கைகொடுக்கவில்லை. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்க முகில் கட்டமைப்பு கப்பம் கோரும் மென்பொருளால் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5000 அரச மின்னஞ்சல் முகவரிகளில், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் இழக்கப்பட்டன. அந்தக் காலத்துக்கு மீட்கக்கூடிய காப்புப் பிரதி இருக்கவில்லை. பயன்படுத்தப்பட்டுவந்த மின்னஞ்சல் மென்பொருளும் காலாவதியான பதிப்பு. இது லினக்ஸ் பொதி சம்பந்தப்பட்ட சம்பவம் அல்ல. ஆனால் பாடம் ஒன்றுதான். பழைய பதிப்பை அப்படியே விட்டுவைப்பதும், துண்டித்து வைத்த காப்பு இல்லாமல் இருப்பதும் சேர்ந்தால் வரலாறு ஒரே நாளில் போய்விடும். ஒரு அரசாங்கத்துக்கே இது நடக்குமென்றால், ஒரேயொரு மடிக்கணினியை வைத்து வேலை செய்யும் ஊர் அமைப்புகளின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

பொதி பராமரிப்பவர் என்ன செய்யவேண்டும்?

இதை வாசிப்பவர்களில் கணினி விஞ்ஞானம் படிக்கும் தம்பி தங்கைகளும் இருப்பீர்கள். தமிழ் எழுத்துருக்கள், விசைப்பலகைகள், சொற்பிழை திருத்திகள் போன்றவற்றின் பொதிகளில் நாளை நீங்கள் கைவைக்கலாம். மேலே சொன்ன சம்பவங்களிலிருந்தும், பொதி பராமரிப்பில் அன்றாடம் நடக்கும் பிழைகளிலிருந்தும் கற்கக்கூடியவை இவை.

முதலாவது, ஒரு மாற்றத்துக்கு ஒரு பதிவு. எழுத்துருவில் ஒரு வழுவைத் திருத்தும்போது, கையோடு கோப்புப் பெயர்களையும் இடைவெளிகளையும் மாற்றி, எல்லாவற்றையும் "சில திருத்தங்கள்" என்று பதியக்கூடாது. ஆறு மாதம் கழித்து ஒன்றை மட்டும் திரும்பப்பெற வேண்டியிருந்தால் முடியாமல் போகும். என்ன மாற்றினேன் என்பதை நிரலே காட்டும். ஏன் மாற்றினேன் என்பதை நீங்கள்தான் எழுதவேண்டும்.

இரண்டாவது, மூல ஆசிரியரின் நிரலையும் உங்கள் ஒட்டுகளையும் கலக்காதீர்கள். மூல நிரலுக்கு ஒரு கிளை, பொதியாக்கத்துக்கு ஒரு கிளை. மூலக் கிளையில் கைவைக்கக்கூடாது. ஒட்டுகள் தனித்தனிக் கோப்புகளாக இருக்கட்டும். ஒவ்வொன்றையும் மூல ஆசிரியருக்கு அனுப்புங்கள். அனுப்பும்போது "இதை வெளியிடப் போகிறேன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். 2006இல் இந்த இடத்தில்தான் தவறியது.

மூன்றாவது, வெளியிட்ட பொதியும் கிட்டில் உள்ளதும் ஒன்றாக இருக்கவேண்டும். டெபியனில், பராமரிப்பாளர் அல்லாத ஒருவரும் அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிடலாம். அந்தத் திருத்தம் பொதிக்குள் போய், கிட்டுக்குள் போகாமல் விடுபடுவதுண்டு. பிறகு பராமரிப்பாளர் தன் கிட்டிலிருந்து அடுத்த பதிப்பைச் செய்யும்போது, அந்தத் திருத்தம் சத்தமில்லாமல் மறைந்துவிடும். மூடிய ஓட்டை மீண்டும் திறக்கும். இதைத் தவிர்க்க, வேலை தொடங்கமுன் கடைசியாக வெளியான பொதியைக் கிட்டுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். வெளியிட்டவுடன் அந்தப் புள்ளிக்குக் கையொப்பமிட்ட அடையாளக்குறி ஒன்றை இட்டு, அதையும் பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்புங்கள்.

நான்காவது, மூட்டையை அப்படியே நம்பாதீர்கள். மூல ஆசிரியர் வெளியிட்ட மூட்டையில் உள்ளதையும் அவரது கிட்டில் உள்ளதையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் காரணம் கேளுங்கள். முடிந்தால் கிட்டிலிருந்தே பொதியை உருவாக்குங்கள். டெபியனில் 2013 முதல் நடந்துவரும் ஒரு முயற்சி, ஒரே நிரலிலிருந்து யார் பொதி செய்தாலும் ஒரு எழுத்தும் மாறாமல் அதே பொதி வரவேண்டும் என்பதாகும். அப்படி வந்தால், பொதி செய்யும் கட்டத்தில் யாராவது புகுத்தியிருந்தால் பிடிபடும்.

ஐந்தாவது, பகிர்ந்த வரலாற்றைத் திருத்தி எழுதாதீர்கள். தனது பிழை மற்றவர்களுக்குத் தெரியக்கூடாது என்று வெட்கப்பட்டு, பழைய பதிவுகளை அழித்துக் கட்டாயமாக மேலெழுதுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. மற்றவர்களின் வேலையும் அதோடு போகலாம். வெளியிட்ட பதிப்பு எண்ணை வேறு உள்ளடக்கத்துடன் மறுபடி பயன்படுத்துவதும் இதே ரகம்தான். பிழை விட்டால் "பிழை விட்டேன், இது திருத்தம்" என்று புதிய பதிவு போடுங்கள்.

ஆறாவது, எங்களுக்கு மிக முக்கியமானது. அழிக்கமுடியாத வரலாறு இரு பக்கமும் வெட்டும். ஒரு கடவுச்சொல்லையோ இரகசியச் சாவியையோ கிட்டில் போட்டுவிட்டால், அடுத்த நிமிடம் நீக்கினாலும் பழைய பதிவில் அது இருக்கும். ஒரே வழி, அந்தச் சாவியைக் கைவிட்டுப் புதிதாகச் செய்வது. ஆனால் ஒரு சாட்சியின் பெயரையோ, ஒரு குடும்பத்தின் முகவரியையோ புதிதாகச் செய்ய முடியாது. மனித உரிமை ஆவணங்களைக் கையாளும் மென்பொருளை எழுதுபவர்கள், பரிசோதனைக்காகக்கூட உண்மையான பெயர்களைப் பொதுக் களஞ்சியத்தில் போடக்கூடாது.

எங்களுக்கு இதில் என்ன வேலை?

தொழிநுட்பம் எங்களுக்கு வெளியிலிருந்து மட்டும் வருகிறது என்று நினைப்பது சரியல்ல. 2004 டிசெம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, காணாமல்போனவர்களையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிவதற்காக, சகானா என்ற கட்டற்ற மென்பொருளைச் சில வாரங்களுக்குள் உருவாக்கியவர்கள் இலங்கைத் தொண்டர்கள். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான சமூக நன்மை விருதை அதற்கு வழங்கியது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் சேர்த்துவருகிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தோடு எரிந்த 97 ஆயிரம் நூல்களுக்கு வேறெங்கும் பிரதி வைக்காததன் வலியை அறிந்த சமூகத்திலிருந்துதான் அப்படியொரு வேலை வரமுடியும்.

இந்த வேலைகள் எல்லாவற்றிலும் பொதுவான ஆபத்து ஒன்று உண்டு. எக்ஸ்இஸட் சம்பவத்தில் கதவு திறந்தது தொழிநுட்பக் கோளாறினால் அல்ல. களைத்துப்போன ஒரு தனி மனிதருக்கு, உதவிசெய்ய வந்ததுபோல வந்த ஒருவரைத் தவிர வேறு யாரும் இருக்கவில்லை. எங்கள் எழுத்துருக்கள், விசைப்பலகைகள், மின்னூலகங்கள் போன்றவற்றுக்குப் பின்னாலும் இப்படி ஒருவர் இருவர்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் "ஏன் இன்னும் செய்யவில்லை" என்று கேட்பதை விட, ஒரு மாற்றத்தை வாசித்துப் பார்த்துக் கருத்துச் சொல்வது பெரிய உதவி. நிரல் எழுதத் தெரியாவிட்டாலும், ரெங்கநாதன் விசைப்பலகையில் எல்லா எழுத்தும் சரியாக வருகிறதா என்று புதிய பதிப்பில் தட்டிப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியும்.

சாதாரணமாகப் பயன்படுத்துபவர்கள் கடையில் கேட்கவேண்டியவை சிலதான். நீண்டகால ஆதரவுள்ள நிலையான பதிப்பைப் போடச் சொல்லுங்கள். எக்ஸ்இஸட் விடயத்தில் டெபியனின் நிலையான பதிப்பில் இருந்தவர்கள் தப்பினார்கள். பென்ட்ரைவில் உள்ளது அதிகாரபூர்வ தளத்திலிருந்து இறக்கியதா, தளத்தில் கொடுத்துள்ள சரிபார்ப்பு இலக்கத்துடன் ஒப்பிட்டீர்களா என்று கேளுங்கள். நிறுவும்போதே முழு வட்டையும் குறியாக்கம் செய்யச் சொல்லுங்கள். அந்தக் கடவுச்சொல்லை நீங்களே தட்டுங்கள். அப்டேட்டை நிறுத்தாதீர்கள். எங்கோ கண்ட அறிவுறுத்தலை நம்பி வெளியார் களஞ்சியங்களைச் சேர்க்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முக்கியமான ஆவணங்களின் ஒரு பிரதியைக் கணினியிலிருந்து கழற்றி, குறியாக்கம் செய்து, வேறொரு வீட்டில் வையுங்கள்.

மறுகிழமை மீண்டும் அந்தக் கடைக்குப் போனேன். தம்பியிடம் சரிபார்ப்பு இலக்கத்தைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. இருவருமாக உட்கார்ந்து தளத்தைத் திறந்து, அவரது பென்ட்ரைவுக்கு ஏற்றிய கோப்பின் இலக்கத்தை எடுத்து ஒப்பிட்டோம். கோப்பு இரண்டு வருடம் பழையது. ஆனால் இலக்கம் சரியாக இருந்தது. புதியதை இறக்கச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.

"இனி வாறவங்களுக்கும் இப்படிச் செக் பண்ணித்தான் போடணும் போல" என்றார். இறக்கி முடிய முக்கால் மணித்தியாலம் எடுத்தது. வட்டைக் குறியாக்கம் செய்யும் கட்டம் வந்ததும் அவர் கணினியை என் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். கடவுச்சொல்லை நானே தட்டினேன்.